சக்கரமில்லாத் தேரும் கிரீஸ் புராணமும்

இயந்திரங்களின் பேரிங்குகள் ஏன் சாகின்றன என்று எழுத உட்கார்ந்த ஒருவர், எழுதுமுன் மாமல்லபுரம் போய் ஐந்து ரதங்களின் முன்னால் நின்று ஞானம் பெறுகிறார். ஏழாம் நூற்றாண்டிலிருந்து அசையாமல் நிற்பதால்தான் இந்தத் தேர்கள் தேயவில்லை, ஓடாத எதுவும் தேயாது, தேய்மானம் என்றால் உராய்வு, உராய்வுக்கு மருந்து கிரீஸ் என்று நான்கே தாவலில் பல்லவர் காலத்திலிருந்து கிரீஸ் டப்பாவுக்கு வந்து இறங்கிவிடுகிறார். சென்ற இதழில் வந்த அந்தக் கட்டுரையைப் பலர் பாராட்டினார்களாம். பாராட்டட்டும். ஒரே ஒரு சங்கடம்: அந்த ரதங்களுக்குச் சக்கரம் கிடையாது, அச்சும் கிடையாது. பேரிங் பற்றிப் பேசுவதற்குத் துளியும் தகுதியில்லாத தேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் போயிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக ஒன்று அகப்பட்டிருக்காது. அவை தேயவில்லை என்பதாவது உண்மையா? கடற்காற்றில் வரும் உப்பு கல்லுக்குள் இறங்கிப் படிகமாகி மேற்பரப்பை உதிர்க்கிறது என்பதால்தானே தொல்லியல் துறை கடற்கரைக் கோயிலுக்குப் பாறை கொட்டித் தடுப்புப் போட்டது, சவுக்கு வளர்த்தது, ஈரக் காகிதக்கூழைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது? கல்லே தேய்கிற கரையில் நின்றுகொண்டு, அசையாதது தேயாது என்று எழுத, கண்ணை மூடிக்கொள்வதில் நல்ல தேர்ச்சி வேண்டும்.

அலங்காரத்தை மன்னிக்கலாம், நம் பக்கத்தில் எதை எழுதினாலும் பல்லவரைத் துணைக்கு அழைப்பது பழகிப்போய்விட்டது. அலங்காரத்துக்குக் கீழே இருக்கும் வாதம்தான் பொல்லாதது. அவருக்கு அநியாயம் செய்யாமல் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். பேரிங்கின் ஒரே பகை உராய்வு. அதிர்வு என்பது உராய்வு செய்த சேதத்தின் செய்தி மட்டுமே. அதற்கென்று தனியாகக் கொல்லும் சக்தி கிடையாது. ஆகவே வேளாவேளைக்குக் கிரீஸ் வைத்தால் போதும். அதிர்வுமானி, லேசர் அலைன்மென்ட் எல்லாம் விற்பனைக்காரர்களின் பகட்டு. அனுபவமுள்ள ஃபிட்டரின் காது போதும். நின்றுகொண்டிருக்கும் ஸ்டாண்ட்பை பம்ப் புதிதாகவே இருக்கும். பணம் இருந்தால் உராய்வையே ஒழித்துவிடலாம் என்பதற்குக் கல்பாக்கம் சாட்சி. இத்தனைக்கும் பிறகு கடைசிப் பத்தியில் நைசாக ஒன்றைச் செருகுகிறார். கட்டுரை எழுதப்பட்டதே அந்த ஒன்றுக்காகத்தான் என்பது என் ஐயம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உராய்வு. நல்ல நிலையிலுள்ள ஒரு சாதாரண குண்டு பேரிங்கின் உராய்வுக் கெழு 0.0015 அளவில் இருக்கும். எண்ணெய் வற்றிய வெண்கலப் புஷ்ஷில் இரும்புத் தண்டு சுழன்றால் அது 0.1ஐச் சுலபமாகத் தாண்டும். அதாவது, உருளும் பேரிங் என்ற கருவி பிறந்தபோதே இவருடைய ஒரே பகைவனில் பெரும்பங்கைத் தீர்த்துக்கட்டிவிட்டுத்தான் பிறந்தது. பிறகும் அது ஏன் சாகிறது? இந்தக் கேள்வி ஒரு பேரிங் கட்டுரையாளருக்கு உதித்திருக்க வேண்டாமா? உதித்திருந்தால் ஹெர்ட்ஸைப் புரட்டியிருப்பார். இரண்டு வளைந்த பரப்புகள் அழுந்தித் தொடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று ஹென்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். குண்டு தடத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது. அங்கே அழுத்தம் ஒரு கிகாபாஸ்கலைத் தாண்டும். வெட்டுத் தகைவின் உச்சம் மேற்பரப்பில் இருப்பதில்லை, அதற்குச் சற்றுக் கீழே இருக்கும். குண்டு ஒவ்வொரு முறை கடக்கும்போதும் எஃகின் உட்புறம் ஒருமுறை நெரிபடுகிறது. கோடிக்கணக்கான நெரிசலுக்குப் பிறகு உள்ளே எங்கோ கிடக்கும் ஒரு மாசுத் துணுக்கின் ஓரத்தில் மயிரிழை விரிசல் பிறந்து, மேலே ஏறி, ஒருநாள் செதிலாகப் பெயர்கிறது. முறையாகப் பொருத்தி முறையாக மசகிட்ட பேரிங்குக்கும் இந்த முடிவு உண்டு. அந்த விரிசல் பிறக்கும் ஆழத்துக்கு எந்தக் கிரீஸ் கன்னும் எட்டாது. மசகு கெட்டால் விரிசல் மேற்பரப்பிலேயே தொடங்கும், சீக்கிரமே தொடங்கும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வாசலில் வரும் திருடனை மட்டும் எண்ணிவிட்டு, ஊரில் ஒரே திருடன்தான் என்று சாதிப்பவரை என்ன செய்வது?

இன்னும் சங்கடமான செய்தி ஒன்றும் இருக்கிறது. குண்டு உருளுவதே உராய்வால்தான். உள்வளையம் குண்டைப் பற்றி இழுக்க வேண்டும். அந்தப் பிடி இல்லாவிட்டால் குண்டு உருளாமல் வழுக்கும். அதனால்தான் பேரிங் பட்டியல்களில் உச்சபட்சப் பளுவோடு குறைந்தபட்சப் பளு என்றும் ஒன்று சொல்லப்படுகிறது. பெரிய பேரிங் போட்டால் நீண்ட நாள் வரும் என்று நம்பி, தேவைக்கு மீறிய உருளை பேரிங்கை லேசான பளுவில் ஓடவிட்டால், உருளைகள் வேகமாகச் சுழலும் வளையத்தின் மேல் சறுக்கிப் பளபளப்பைச் சுரண்டிவிடும். உராய்வைக் கொன்றால் பேரிங் பிழைக்கும் என்பவருக்கு, உராய்வு செத்த இடத்திலும் பேரிங் சாகும் என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்தது கிரீஸ். கிரீஸ் குறைந்தால் ஆபத்து, கூடினால் ஆபத்தில்லை என்று அவர் எழுதியதைப் படித்தபோது, இவர் எந்த மோட்டாருக்காவது தன் கையால் கிரீஸ் வைத்திருப்பாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பேரிங் ஹவுசிங்கில் காலியாக இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைதான் கிரீஸ் நிரப்புவது வழக்கம். முழுக்க அடைத்தால் குண்டுகள் கிரீஸைக் கடையத் தொடங்கும், கடைந்தால் சூடேறும், சூடேறினால் எண்ணெய் பிரிந்து ஓடும், மிஞ்சிய சோப்புக் கட்டி கருத்து இறுகும். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகிறது என்பது துறையில் பாலபாடம். ஆக, சூடாகிற பேரிங்குக்கு இன்னும் கொஞ்சம் கிரீஸ் அடி என்பவர் எரிகிற வீட்டுக்கு எண்ணெய் தானம் செய்கிறார். மயிலிறகேயானாலும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதலில் வள்ளுவர் சொன்னது அரசர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டார் போலும். கடலோரப் பகுதியில் மோட்டாரின் நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கன்னை மாட்டுபவர் கிரீஸோடு மணலையும் உப்பையும் சேர்த்தேதான் உள்ளே தள்ளுகிறார். அடியிலுள்ள வடிகால் பிளக்கைத் திறக்காமல் அழுத்துபவர் பழைய கிரீஸை மோட்டாரின் வைண்டிங்குக்கே அனுப்பி வைக்கிறார். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியா கிரீஸை ஏற்றினால் பல சமயம் இரண்டும் சேர்ந்து கூழாகி ஒழுகிவிடும். இதெல்லாம் கிரீஸ் வைத்ததால் வந்த சாவுகள். இவருடைய கணக்கில் இவை எந்தப் பக்கம் எழுதப்படும்?

இப்போது அதிர்வு. இங்கேதான் அவருடைய தர்க்கம் தன் வாலைத் தானே கடிக்கிறது. அதிர்வு வெறும் செய்தி என்கிறார். சரி, செய்திதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தச் செய்தியைத் துல்லியமாக வாசிக்கும் கருவி பகட்டு என்று அடுத்த பத்தியிலேயே எப்படிச் சொல்கிறார்? நோயின் ஒரே அடையாளம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு தெர்மாமீட்டரைத் தூக்கி எறியும் வைத்தியரை யார் நம்புவார்கள்?

ஃபிட்டரின் காதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹவுசிங்கில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்து, பேரிங் கரகரக்கிறதா கீச்சிடுகிறதா என்று பிரித்துச் சொன்னவர்களிடம்தான் நான் தொழில் படித்தேன். ஆனால் அந்தக் காது எதைக் கேட்கிறது, எப்போது கேட்கிறது? நம் வீட்டுத் தண்ணீர் மோட்டார்களிலும் வயல் பம்ப்களிலும் சர்வசாதாரணமாகக் கிடக்கும் 6205 பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் துளை, 52 மில்லிமீட்டர் வெளிவட்டம், 9 குண்டுகள். தண்டு ஒருமுறை சுற்றினால் வெளிவளையத்தின் ஒரு புள்ளியைக் குண்டுகள் சுமார் 3.58 முறை கடக்கும். உள்வளையத்தின் ஒரு புள்ளியைச் சுமார் 5.42 முறை. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடினால் வெளிவளையத்தில் விழுந்த ஒரு செதில் நொடிக்கு 86 முறை தட்டும், உள்வளையத்தில் விழுந்தது 130 முறை தட்டும். இந்த எண் பேரிங்கின் வடிவக்கணக்கிலிருந்து வருவது; ஊகம் அல்ல, சோதிடம் அல்ல. எந்த வளையம் போயிற்று என்று பேரிங்கைத் திறக்காமலே சொல்லும் எண் அது.

செதில் தொடக்கத்தில் ஊசிமுனை அளவுதான். அதன் தட்டு மிகக் குறுகியது. பேரிங் ஹவுசிங்கைப் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் மணியடித்ததுபோல் ஒலிக்க வைத்துவிட்டு அடங்கிவிடும். பேலன்ஸ் இல்லாத இம்பெல்லரும் கோணிய கப்ளிங்கும் எழுப்பும் பெரிய அதிர்வுக்குள் அது மூழ்கிவிடும். உயர் அதிர்வெண்ணை வடிகட்டி, அதன் உறையை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் 86 என்ற எண் தலை நீட்டும். இரைச்சலில் ஆயுளைக் கழித்த ஃபிட்டரின் காது எந்த அதிர்வெண்களை முதலில் இழக்கிறதோ, தொடக்கநிலைச் செய்தி அந்த உயரத்தில்தான் பேசுகிறது. ஸ்க்ரூடிரைவரில் கரகரப்புக் கேட்கும்போது செதில் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கும். காது போதும் என்பது கடைசி நேரத் தகவல் போதும் என்பதுதான். மொத்த அதிர்வை மட்டும் காட்டும் பாக்கெட் மீட்டரை வைத்துக்கொண்டு எல்லாம் நலம் என்பவர்களுக்கும் இதே பதில் உண்டு: பேரிங்கின் தொடக்க நோய் மொத்த அளவை அசைக்கவே அசைக்காது.

செங்கல்பட்டு சந்திப்பைச் சாட்சிக்கு இழுக்கிறார். வண்டி கடக்கும்போது பச்சைக் கொடியோடு நிற்கும் ரயில்வே ஊழியர் ஹாட் ஆக்ஸிலைக் கண்ணாலேயே பிடிக்கவில்லையா என்கிறார். பிடிக்கிறார், அந்தப் பழக்கத்துக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஹாட் ஆக்ஸில் என்பது பேரிங்கின் முதல் அறிகுறியா, கடைசி மூச்சா? பஞ்சு நூலை எண்ணெயில் நனைத்துத் திணித்த பழைய அச்சுப் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடைத்து மூடிய உருளை பேரிங்குகளுக்கு ரயில்வே மாறியது எதற்காக? தண்டவாளத்தோரம் ஒலிவாங்கிகளை நட்டு, ஓடும் வண்டியின் பேரிங் சத்தத்தைக் கணினியில் பிரித்தாயும் அமைப்புகளைச் சில தடங்களில் நிறுவியது எதற்காக? எவருடைய கண்ணையும் காதையும் இவர் சாட்சிக்கு அழைத்தாரோ அவர்களே அவை மட்டும் போதாது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அதிர்வு தானாகக் கொல்லாது என்ற வாக்கியத்துக்கு நம் நாட்டிலேயே நெருப்பால் எழுதிய மறுப்பு ஒன்று உண்டு. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைனின் தாழ்அழுத்தப் பகுதியில் இரண்டு பிளேடுகள் சோர்வுற்று முறிந்தன. பேலன்ஸ் போன சுழலியின் அதிர்வு ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் சீல்களைக் கிழித்தது. கசிந்த ஹைட்ரஜன் பற்றியது. பேரிங்குகளுக்குப் போகும் எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள்களில் பரவி, நிலையம் முழுவதும் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் நின்றது. கதிர்வீச்சு வெளியேறவில்லை என்பது நம் நல்வினை. இதில் எந்த இடத்தில் கிரீஸ் வைக்கத் தவறினார்கள் என்று நண்பர் சொல்வாரா? சேதத்தின் தகவல் எந்த நிமிடத்தில் தகவலாக இருப்பதை விட்டுச் சேதமாக மாறியது?

அவர் மிகவும் ரசித்து எழுதிய இடம் ஸ்டாண்ட்பை பம்ப். உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதை ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அதை எடுத்து, நம் முன்னோர் மாற்று அச்சை ஓட்டாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அது தேயவில்லை, அதுபோலத்தான் மாற்று பம்ப்பும் என்கிறார். உவமை அழகு, பொருத்தம் சூனியம். உமணர் கட்டிச் சென்றது மரத்தடி. அதற்குள் குண்டும் இல்லை, குண்டு உட்காரும் பள்ளமும் இல்லை, நாள் முழுக்கக் குலுங்கினாலும் தேய அங்கே எதுவும் இல்லை. பம்ப்புக்குள் இருப்பது வேறு. ஒரே கான்கிரீட் பெட்டில் இரண்டு பம்ப். ஒன்று ஓடுகிறது, மற்றது நிற்கிறது. ஓடுவதன் அதிர்வு அடித்தளம் வழியாகவும் குழாய் வழியாகவும் நிற்பதன் தண்டுக்குள் வருகிறது. குண்டு ஒரே இடத்தில் சில மைக்ரான் முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டம் தொடும் இடத்திலிருந்து கிரீஸைப் பிதுக்கி வெளியேற்றுகிறது. உருண்டால்தானே கிரீஸ் திரும்பி வரும்? வராது. எஃகும் எஃகும் நேரே உரசி, நுண்துகள் பெயர்ந்து, காற்றில் துருவாகி, அந்தத் துருவே உரைகல்லாகி மேலும் தேய்க்கிறது. நான் வேலை பார்த்த வட்டாரத்தில் ஒரு கடல்நீர் பம்ப், பல மாதம் மாற்றாக நின்றது, தேவைப்பட்ட நாளில் ஓட்டியதும் அலறியது. பேரிங்கைக் கழற்றினோம். வெளிவளையத்தின் அடிப்பாதியில், குண்டுக்குக் குண்டு இருக்கும் அதே இடைவெளியில், பளிச்சென்ற குழிகள். குழியைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் மாவுபோன்ற துரு. அதுவரை அது ஓடிய நேரம் மிகச் சொற்பம். ஓடாதது தேயாது என்பவர் அந்த மாவைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் புத்தம்புதுக் கார்களை ரயிலில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பியபோது, ஒரு மைல்கூட ஓடாத கார்களின் சக்கர பேரிங்குகள் குழி விழுந்து வந்து சேர்ந்தன. தண்டவாள இணைப்புகளின் தட்டலில் நின்றபடியே தேய்ந்தவை அவை. 1930களில் ஆல்மென் போன்ற பொறியாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பளுவால் குழி விழுந்ததுபோல் தெரியும், ஆனால் பளுவால் விழுந்ததல்ல. மருந்து எளியது: மாற்று பம்ப்பின் தண்டைக் கையால் அவ்வப்போது முழுச் சுற்றாக இல்லாமல் ஒன்றேகால் சுற்று சுற்றிவிடுங்கள், குண்டு இடம் மாறட்டும்; முறை வைத்து இரண்டையும் ஓட்டுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் 2013இல் நாளுக்கு 100 மில்லியன் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2024 பிப்ரவரியில் 150 மில்லியன் லிட்டர் ஆலை ஒன்றும் பக்கத்திலேயே வந்தது. சவ்வு வழியாகக் கடல்நீரைத் தள்ள அறுபது பார் அளவில் அழுத்தம் வேண்டும். அப்படிப்பட்ட பம்ப் வரிசைகள் பெருகிக்கொண்டிருக்கும் கரையில், ஸ்டாண்ட்பை புதிதாகவே இருக்கும் என்று ஒருவர் அச்சில் போதிப்பது வெறும் அறியாமை என்று விட்டுவிடக்கூடியதா?

கல்பாக்கத்துக்கு வருவோம், அவர் மகுடம் சூட்டிக்கொண்ட இடம் அது. 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையிலும், 2024 மார்ச்சில் உலைமையத்தை நிரப்பத் தொடங்கிய 500 மெகாவாட் முன்மாதிரி உலையிலும் உருகிய சோடியத்தைத் தள்ளும் பம்ப்களின் நீண்ட தண்டு, கீழ்முனையில் குண்டும் இல்லாமல் கிரீஸும் இல்லாமல், அழுத்தத்தில் பாயும் சோடியப் படலத்தின் மேலேயே மிதக்கிறது என்கிறார். உண்மை. தொடுதல் இல்லை, ஆகவே உராய்வு இல்லை, ஆகவே அதிர்வும் இல்லை என்று முடிக்கிறார். இரண்டாவது ஆகவேயில்தான் வண்டி குடை சாய்கிறது.

முதலில், தொடுதல் இல்லை என்பதே பாதி உண்மை. படலம் நிற்பது அழுத்தம் இருக்கும்வரைதான். பம்ப் தொடங்கும்போதும் நிற்கும்போதும் பரப்புகள் தொடும். சோடியத்தில் தொடுவது சாதாரணத் தொடுதல் அல்ல. காற்றில் எஃகைக் காக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தைச் சோடியம் உரித்துவிடும். அப்படி அம்மணமான இரண்டு பரப்புகள் நானூறு டிகிரி அளவில் அழுந்தினால் ஒன்றோடொன்று ஒட்டி, அசைத்தால் பிய்ந்து வரும். அதனால்தான் ஈனுலையில் உரசக்கூடிய பாகங்களின் மேல் கடினப் பூச்சு ஏற்றுகிறார்கள். அதிலும் உலகெங்கும் பழகிய ஸ்டெல்லைட்டை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அதிலுள்ள கோபால்ட் நியூட்ரான் பட்டால் 5.27 ஆண்டு அரை ஆயுளுள்ள கோபால்ட்-60 ஆகும், பராமரிக்கப் போகிறவருக்கு அது எமன். அதனால் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கோல்மனாய் பக்கம் போனார்கள். உராய்வை ஒழித்துவிட்ட இடத்தில் உராய்வுக்காக ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? பழுது பார்க்கப் போகிறவனின் உடம்பையும் கணக்கில் வைத்துப் பூச்சைத் தேர்ந்த அந்த மையத்தின் பெயரை, பழியை எல்லாம் பழுது பார்ப்பவன் மேலேயே சுமத்தும் கட்டுரைக்குச் சாட்சியாகக் கூப்பிட ஒரு தைரியம் வேண்டும்.

பிறகு, உராய்வு போனால் அதிர்வும் போகும் என்பது. நேர்மாறாகவும் நடக்கும் என்பதை நீர்மப் படலப் பேரிங்குகளின் வரலாறே சொல்கிறது. 1880களில் பீச்சம் டவர் ரயில் அச்சுக்கான பேரிங்கைச் சோதித்தபோது, எண்ணெய் விட அவர் மேலே போட்ட துளை வழியாக எண்ணெய் எதிர்த்துப் பீய்ச்சியது. அடைத்த மரக்கட்டையையும் தள்ளிவிட்டது. அந்தப் படலத்துக்குள் அவ்வளவு அழுத்தம். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் அதைச் சமன்பாடாக்கினார். அப்பாடா, உராய்வு தீர்ந்தது என்று உலகம் பெருமூச்சு விட்டு நாற்பது வருஷம்கூட ஆகவில்லை. 1925இல் நியூகிர்க்கும் டெய்லரும், அந்த வழவழப்பான படலமே தண்டைச் சுழற்றியடித்து அதிர வைக்கும் என்று எழுதினார்கள். எண்ணெய் தண்டின் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. லேசான பளுவில் அது தண்டைத் தன்னோடு இழுத்துச் சுழற்றும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் டர்பைனில், அதாவது நொடிக்கு 50 சுற்றில், 21 முதல் 24 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் அதிர்வு தலைகாட்டினால் அனுபவசாலிகளுக்கு வயிற்றைக் கலக்கும். அதை அடக்கத்தான் எலுமிச்சை வடிவத் துளையும் சாயும் பட்டைகளும் வந்தன. அதிர்வின் ஆற்றலை எதுவோ ஒன்று விழுங்கியாக வேண்டும். விழுங்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது உராய்வின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதனால்தான் விமான எஞ்சின்களில் குண்டு பேரிங்கின் வெளியே வேண்டுமென்றே எண்ணெய்ப் படலம் வைத்து அதிர்வைத் தணிக்கிறார்கள். ஒன்றைக் கொன்றால் மற்றது சாகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. சில சமயம் ஒன்றைக் கொன்றால்தான் மற்றது உயிர் பெறுகிறது.

வேகத்தை மாற்றும் டிரைவ்கள் மின்சாரம் மிச்சப்படுத்தும், பேரிங்குக்கு அவற்றோடு சம்பந்தமில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதற்குப் போகிற போக்கிலேயே பதில். டிரைவ் தண்டில் ஏற்றும் மின்னழுத்தம் கிரீஸ் படலத்தைத் துளைத்து குண்டு வழியாகப் பொறி பறக்க இறங்கினால், ஓடுதடத்தில் துவைக்கிற கல்லைப் போல வரிவரியாகப் பள்ளம் விழும். மோட்டாருக்கு மின்காப்புள்ள பேரிங்கும் தண்டுக்குத் தரைத்தொடர்பு பிரஷ்ஷும் சும்மா விற்கவில்லை. அந்த வரிகளைப் பார்த்தும் கிரீஸ் போதவில்லை என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் கடைசிப் பத்தி. பேரிங் போனால் அதற்குக் காரணம் அநேகமாக ஒரு சோம்பேறிக் கை, வேளைக்குக் கிரீஸ் வைக்காத கை என்கிறார். இப்போது முழுக் கட்டுரையையும் பின்னோக்கி வாசியுங்கள். ஒவ்வொரு வாதமும் எதற்காக வைக்கப்பட்டது என்று விளங்கும். பகை ஒன்றே ஒன்று, அது உராய்வு. மருந்து ஒன்றே ஒன்று, அது கிரீஸ். கிரீஸ் கன் இருப்பது யார் கையில்? ஒப்பந்தத் தொழிலாளியின் கையில். ஆக, குற்றவாளி தயார். அதிர்வுக்கும் சாவில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டால் விசாரணை வேறு அறைகளுக்குப் போகும்: பவுண்டேஷனில் கான்கிரீட்டைக் குறைத்தவர் யார், மோட்டாரின் நான்கு கால்களில் ஒன்று பெட்டில் உட்காராமல் இருக்க, ஷிம் வைக்காமல் போல்ட்டை முறுக்கச் சொன்னவர் யார், டயல் கேஜுக்குப் பணமில்லை என்று கப்ளிங்கை ஸ்கேல் வைத்துக் கண்ணால் பார்த்து இணைக்கச் சொன்னவர் யார், குழாயை இழுத்துப் பம்ப்பில் மாட்டி அந்தத் திணறலையெல்லாம் பேரிங் தலையில் கட்டியவர் யார்? கிரீஸ் கம்பெனிகளின் வட்ட வரைபடங்களைப் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறாரே, அவற்றில் மசகுக் கோளாறு என்ற துண்டுக்குள் தவறான கிரீஸை வாங்கியது, இரண்டைக் கலந்தது, மிதமிஞ்சித் திணித்தது, மாசு புகவிட்டது எல்லாமே அடங்கும். கிரீஸை வாங்கும் முடிவு எந்தத் தொழிலாளி எடுத்தது?

இன்னொன்றையும் அவர் மூடி மறைத்தார். பேரிங்கின் ஆயுள் என்று பட்டியலில் இருப்பது ஓர் உத்தரவாதம் அல்ல. 1947இல் லுண்ட்பெர்க்கும் பாம்கிரெனும் நிறுவிய புள்ளியியல் கணக்கு. நூறு பேரிங்கில் தொண்ணூறு தாண்டும், பத்து அதற்கு முன்பே போகும். எல்லாம் சரியாக நடந்தாலும் போகும். அதே கணக்கின்படி குண்டு பேரிங்கில் பளு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகிறது. கோணிய கப்ளிங்கும் பேலன்ஸ் போன இம்பெல்லரும் ஏற்றும் கூடுதல் பளு எந்தக் கிரீஸ் அட்டவணையிலும் இல்லை.

விவாதத்தை முடிக்க ஒரே வழி இருக்கிறது, அது என் பேச்சும் அல்ல, அவர் பேச்சும் அல்ல. செத்த பேரிங்கின் வெளிவளையத்தை அறுத்துத் திறந்து, ஓடுதடத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். உள்வளையம் சுழலும் படுக்கை இயந்திரத்தில் பளு சரியாக இருந்தால் வெளிவளையத்தின் கீழ்ப்பகுதியில் மட்டும் தடம் இருக்கும், உள்வளையத்தில் முழு வட்டமாக ஓடியிருக்கும். வெளிவளையத்தில் முழு வட்டமும், உள்வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சுழலியின் பேலன்ஸ் போயிருக்கிறது. தடம் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்ந்து போனால் அலைன்மென்ட் கோணல். ஒரு தோளில் மட்டும், குண்டு இடைவெளியில், பளபளப்புக் குலையாத பள்ளங்கள் இருந்தால், இண்டக்ஷன் ஹீட்டர் வாங்கித் தராமல் சுத்தியலால் தட்டிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அடி வெளிவளையத்தில் விழுந்து, குண்டு வழியாக உள்வளையத்துக்குப் போயிருக்கிறது. செந்நிற மாவு இருந்தால் நின்றே செத்தது. சோம்பேறிக் கை விட்டுச் செல்லும் அடையாளமும் உண்டு: வறண்டு கருகிய தடம், நீலம் பாய்ந்த எஃகு. அதுதான் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மசகுக் கோளாறு என்று ஒற்றைக் கட்டத்தில் டிக் அடித்து ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்கும் முன், நண்பர் இத்தனை ஆண்டில் கையெழுத்திட்ட பழுது அறிக்கைகளில் எத்தனை பேரிங்கை அறுத்துப் பார்த்தார், எத்தனைக்குப் படம் இணைத்தார் என்று அடுத்த இதழில் எழுதட்டும்.